7 மணி நேரம், 2 ஆர்க்கெஸ்ட்ரா.. 97 ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்து வந்த ‘நெப்போலியன்’! யார் இந்த ஏபெல் கான்ஸ்?

2024 ஜூலை 4 மற்றும் 5. பாரிஸை ஒட்டியுள்ள பூலோன்-பில்லாங்கூர் நகரம். சீன் நதியின் நடுவே இருக்கும் தீவில் ‘லா சீன் மியூசிகால்’ என்ற பெரிய இசையரங்கம். மேடையில் பிரான்ஸ் வானொலியின் ஆர்க்கெஸ்ட்ரா, கூடவே பாடகர் குழு. பின்னால் பிரம்மாண்ட திரை. திரையில் ஓடியது 1927-ல் வெளியான ஒரு மௌனப்படம். மொத்த நீளம் ஏறத்தாழ 7 மணி நேரம் என்பதால், படத்தை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் காட்டினார்கள்.

படத்தின் பெயர் ‘நெப்போலியன்’. ரிட்லி ஸ்காட் 2023-ல் எடுத்த படம் இல்லைங்க. இது அதற்கு 96 வருஷம் மூத்தது. எடுத்தவர் ஏபெல் கான்ஸ். சினிமா படிப்பவர்களுக்கு ரொம்பவே பழக்கமான பெயர், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தன் படத்தை முழுசாக, தான் நினைத்தபடி மக்கள் பார்க்க வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்த மனிதர். அந்தக் காத்திருப்பு எப்படி முடிந்தது என்பதுதான் இந்தக் கதை.

மௌனப்படத்துக்கு எதுக்கு ஆர்க்கெஸ்ட்ரா?

கான்ஸ் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத் தெளிவுபடுத்திவிடலாம். மௌனப்படம் என்றால் தியேட்டரில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தார்கள் என்று அர்த்தம் இல்லை. பிலிம் சுருளில் ஒலி கிடையாது, அவ்வளவுதான். சின்ன ஊர் கொட்டகையில் ஒருத்தர் பியானோ வாசிப்பார். பெரிய நகரத்து தியேட்டரில் முழு ஆர்க்கெஸ்ட்ராவே இருக்கும். அதாவது, படம் எங்கே போனாலும் ஒன்றுதான், இசை மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

அதனால்தான் ஒரு பழைய மௌனப்படத்துக்கு இன்றைக்கும் புதுசாக இசை எழுத முடிகிறது. நடத்துனர் முன்னால் இருக்கும் குறிப்பையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இசைக்குழுவை நடத்த வேண்டும். திரையில் பீரங்கி வெடிக்கும்போது முரசு அதிர வேண்டும். ஒரு விநாடி தவறினாலும் தெரிந்துவிடும். படம் நடத்துனருக்காக நிற்காது இல்லையா? இன்னொரு சிக்கலும் உண்டு. மௌனப்படக் காலத்தில் விநாடிக்கு இத்தனை பிரேம் என்று கறாரான கணக்கு இல்லை. விநாடிக்கு 20 பிரேம் ஓட்ட வேண்டிய படத்தை இன்றைய 24 பிரேமில் ஓட்டினால் படம் சுருங்கிவிடும், ஆட்கள் வேகமாக ஓடுவார்கள். அதற்கேற்ப இசையும் மாற வேண்டும். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் பின்னால் வரும்.

அப்பா பெயர் இல்லாத குழந்தை

ஏபெல் கான்ஸ் பிறந்தது 1889 அக்டோபர் 25, பாரிஸில். அப்பா ஏபெல் ஃபிளமான், வசதியான யூத மருத்துவர். அம்மா உழைக்கும் வர்க்கத்துப் பெண். இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. குழந்தையை அம்மாவின் பெற்றோரிடம் விட்டுவிட்டார்கள். மத்திய பிரான்ஸில் கொமோன்ட்ரி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், தாத்தா பாட்டியிடம்தான் எட்டு வயது வரை வளர்ந்தார்.

பிறகு அம்மா, அடோல்ஃப் கான்ஸ் என்ற கார் மெக்கானிக்கைத் திருமணம் செய்துகொண்டார். சிறுவன் பாரிஸுக்கு வந்தான், வளர்ப்புத் தந்தையின் பெயர் அவனுக்குக் கிடைத்தது. 14 வயதில் படிப்பு நின்றுபோனது. வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஆனால் புகழ் வந்த பிறகு கான்ஸ் சொன்ன கதை வேறு. நல்ல வசதியான குடும்பம், பள்ளியில் பிரமாதமான மாணவன் என்றெல்லாம் தன் இளமைக்கு ஒரு புது வடிவம் கொடுத்தார். உண்மை, அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் மூலம்தான் வெளியே வந்தது.

இதை ஏதோ குற்றம்போல சொல்ல வரவில்லை. கோர்சிகா தீவில் இருந்து வந்து, பள்ளியில் மற்ற பையன்களின் கேலிக்கு ஆளாகி, தனியாக நிற்கும் ஒரு சிறுவன். கான்ஸின் ‘நெப்போலியன்’ அப்படித்தான் தொடங்குகிறது. அந்தப் பனிப்பந்துச் சண்டைக் காட்சியை அவர் ஏன் அவ்வளவு நேரம், அவ்வளவு ஆசையாக எடுத்தார் என்பது இந்தப் பின்னணி தெரிந்தால் கொஞ்சம் புரிகிறது.

நடிப்புதான் முதல் ஆசை. 18 வயதில் பிரஸ்ஸல்ஸ் நகரத்து நாடக அரங்கில் ஒரு பருவத்துக்கு ஒப்பந்தம் கிடைத்தது. 1911-ல் நண்பர்களோடு சேர்ந்து படக் கம்பெனி ஆரம்பித்தார், அதில் பெரிதாக எதுவும் தேறவில்லை. நடுவில் காசநோய் வேறு. நடிகை சாரா பெர்னாருக்காக 5 மணி நேர நாடகம் ஒன்றை எழுதினார். அது மேடையேறுவதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது.

இறந்தவர்கள் எழுந்து நடந்த படம்

உடல்நிலை காரணமாக ராணுவம் ஆரம்பத்தில் அவரை எடுக்கவில்லை. சினிமாவிலேயே இருந்தார். 1915-ல் வளைந்த கண்ணாடிகளை வைத்து உருவங்கள் நெளிவதுபோல ஒரு சின்னப் படம் எடுத்தார், தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. 1918-ல் ‘பத்தாவது சிம்பொனி’ என்று ஒரு படம், ஒரு இசையமைப்பாளரைப் பற்றியது. ஒலியே இல்லாத சினிமாவில் ஒருவன் சிம்பொனி எழுதுவதைக் காட்ட வேண்டும் என்றால், தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் ஆர்க்கெஸ்ட்ராதான் அந்தப் படத்தின் பாதி. கான்ஸுக்கு இசை எப்போதுமே கூடுதல் அலங்காரம் இல்லை. படத்தொகுப்பைக் கூட அவர் இசையின் தாளமாகத்தான் நினைத்தார்.

அடுத்து வந்தது ‘ஜாக்யூஸ்’, 1919. ‘நான் குற்றம் சாட்டுகிறேன்’ என்று பொருள். போரில் செத்தவர்கள் கல்லறையிலிருந்து எழுந்து, தங்கள் சாவுக்கு அர்த்தம் இருந்ததா என்று பார்க்க ஊருக்கு நடந்து வரும் காட்சி அதில் உண்டு. அந்தப் பிணங்களாக நடித்தவர்கள் நிஜ ராணுவ வீரர்கள். போர்முனையிலிருந்து சில நாள் விடுப்பில் வந்தவர்கள். விடுப்பு முடிந்து திரும்பியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலேயே இறந்துபோனார்கள் என்று கான்ஸ் பின்னாளில் சொல்லி வந்தார். நடித்தது போலவே நடந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை.

அதற்குப் பிறகு ‘லா ரூ’, அதாவது ‘சக்கரம்’. ரயில் ஓட்டுநர் ஒருவரின் கதை. எடுக்கும்போது அவருடைய காதல் துணை ஈடா டானிஸ் காசநோயில் விழுந்தார். அவருக்கு இதமான காற்று வேண்டும் என்று படப்பிடிப்பையே நீஸ் நகரத்து ரயில் யார்டுக்கும், பிறகு ஆல்ப்ஸ் மலைக்கும் மாற்றினார் கான்ஸ். கதையையும் அதற்கேற்ப மாற்றி எழுதினார். பலன் இல்லை. 1921-ல் ஈடா இறந்துபோனார். படத்தின் நாயகன் செவெரின்-மார்ஸும் அதே ஆண்டில் இறந்தார். கான்ஸ் படத்தை அப்படியே வைத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டார்.

திரும்பி வந்து அதை முடித்தபோது, ரயில் வேகம் எடுக்க எடுக்க ஷாட்டுகளும் குறுகிக்கொண்டே போகும் அந்த வேகமான தொகுப்பு முறை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கு இசை பொறுப்பை ஏற்றவர் ஆர்தர் ஹொனெகர். ரயில் எஞ்சினை வைத்து அவர் எழுதிய ‘பசிபிக் 231’ என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு வந்ததும் இதே காலத்தில்தான்.

ஒரு படம் இல்லை, ஆறு படம்!

1925-ல் ‘நெப்போலியன்’ ஆரம்பம். திட்டம் என்ன தெரியுமா? ஆறு படங்கள். பிறப்பு முதல் செயின்ட் ஹெலினா தீவில் சாவு வரை. முதல் படத்திலேயே பணம் தீர்ந்தது. முக்கிய முதலீட்டாளரான ஜெர்மன் தொழில் குழுமம் திவாலானதால் படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. புது முதலீடு கிடைத்து மறுபடி தொடங்கினார். நடுவில் மக்னீசியம் வெடித்த விபத்தில் கான்ஸுக்கும் தீக்காயம்.

கேமராவை அவர் ஒரு இடத்தில் நிற்க விடவே இல்லை. குதிரை மேல் கட்டினார். பனியில் சறுக்கு வண்டியில் ஏற்றினார். புயலில் நெப்போலியனின் படகு தத்தளிக்கும்போது, அங்கே பாரிஸில் அரசியல் சபையில் கூச்சல். சபையும் கடல் போல ஆட வேண்டும் என்று கேமராவை ஊசல் போலத் தொங்கவிட்டு ஆட்டினார். நெப்போலியனாக ஆல்பெர் தியுதோனே. புரட்சித் தலைவர் மாராவாக நாடகக்காரர் அந்தோனின் ஆர்த்தோ. செயின்ட்-ஜஸ்ட் வேடத்தில் கான்ஸே நடித்தார்.

கடைசிக் காட்சிதான் உச்சம். இத்தாலிப் படையெடுப்பை ஒரு திரையில் அடைக்க முடியாது என்று நினைத்தார். மூன்று கேமராவில் எடுத்து, மூன்று புரொஜெக்டரில், மூன்று திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார். சில நேரம் மூன்றும் சேர்ந்து ஒரே அகலமான காட்சி. சில நேரம் நடுவில் ஒன்று, இரு பக்கமும் வேறொன்று. முடிவில் நீலம், வெள்ளை, சிவப்பு என மூன்று திரையும் பிரான்ஸ் கொடியாகிவிடும். ஹாலிவுட்டின் மூன்று புரொஜெக்டர் ‘சினராமா’ வந்தது 1952-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1927 ஏப்ரல் 7 அன்று பாரிஸ் ஓபரா மாளிகையில் முதல் காட்சி. கிட்டத்தட்ட 4 மணி நேர வடிவம். முன்னால் ஆர்க்கெஸ்ட்ரா, இசைக்குப் பொறுப்பு மறுபடி ஹொனெகர். ஆனால் இந்த முறை எல்லாம் சரியாக அமையவில்லை. கான்ஸ் கடைசி நிமிடம் வரை படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தார். நீளம் மாறிக்கொண்டே இருக்கும் படத்துக்கு யாரால் இசை எழுத முடியும்? ஹொனெகர் சொந்தமாக எழுதியது சில பகுதிகள் மட்டுமே, மற்றதெல்லாம் ஏற்கனவே உள்ள இசையிலிருந்து சேர்த்தது. அடுத்த மாதமே அப்போலோ அரங்கில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓடும் இன்னொரு வடிவத்தைத் திரையிட்டார். இப்படி ஒரே படத்துக்கு இரண்டு வடிவம், இரண்டு நெகட்டிவ். பின்னாளில் பெரிய தலைவலியானது இதுதான்.

துண்டு துண்டானது

அமெரிக்காவில் வெளியிடும் உரிமையை எம்ஜிஎம் வாங்கியது. மூன்று திரைக் காட்சியைத் தூக்கிவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாக வெட்டி வெளியிட்டார்கள். 1929-ல் அங்கே அது வந்தபோது பேசும் படங்கள் வந்துவிட்டன. யாரும் கண்டுகொள்ளவில்லை. மிச்சம் ஐந்து படங்கள் கனவாகவே போயின. செயின்ட் ஹெலினா பற்றிய கடைசிப் படத்தின் திரைக்கதையை இன்னொரு இயக்குநருக்கு விற்றுவிட்டார்.

1931-ல் அவர் எடுத்த ‘உலகத்தின் முடிவு’ பெரிய தோல்வி. அதற்கு மேல் தயாரிப்பாளர்கள் அவரை நம்பி பெரிய தொகை போடவில்லை. கிடைத்த படங்களை எடுத்தார். அவற்றில் 1930-களின் பிற்பகுதியில் வந்த பீத்தோவன் பற்றிய படம் தனித்து நிற்கும். செவிடாகும் இசையமைப்பாளரின் காதுக்குள் நாமும் இருப்பதுபோல, ஒலி சட்டென்று அறுந்துபோகும் ஒரு காட்சி. மௌனப்படத்தில் வளர்ந்தவருக்குத்தான் அது தோன்றும். 1935-ல் ‘நெப்போலியன்’ படத்துக்கே பேச்சும் ஒலியும் சேர்த்து மறுபடி வெளியிட்டார். 1971-ல் மறுபடி ஒருமுறை. தன் படத்தை விட்டுவிடவும் முடியாமல், அதைக் குலைத்துக்கொண்டும் இருந்தார். துண்டு துண்டாகிப் போனதற்கு எம்ஜிஎம் மட்டும் காரணம் இல்லை, பாதிப் பொறுப்பு கான்ஸுடையதுதான்.

இன்னொரு விஷயத்தையும் தாண்டிப் போக முடியாது. 1940-ல் ஜெர்மனி பிரான்ஸை வீழ்த்திய பிறகு, நாஜிகளோடு ஒத்துப்போன மார்ஷல் பெத்தானுக்குத் தன் ‘வீனஸ் அவேகிள்’ படத்தை கான்ஸ் சமர்ப்பித்தார். அப்பா யூதர் என்பதை வைத்துப் பார்த்தால் அதில் பயமும் இருந்திருக்கலாம், 1943-ல் அவர் ஸ்பெயினுக்குப் போய்விட்டார் என்பதும் உண்மை. ஆனால் தனி ஒரு மாவீரன் நாட்டைக் காப்பாற்றுவான் என்ற நம்பிக்கை அவருக்குள் முன்பே இருந்தது. 1927-லேயே ‘நெப்போலியன்’ படத்தைக் கலையாக ரசித்துவிட்டு, அதன் அரசியலைக் கண்டித்த விமர்சகர்கள் பிரான்ஸில் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பள்ளிச் சிறுவனும் இரண்டு ரீல்களும்

1954, லண்டன். கெவின் பிரவுன்லோ என்ற 15 வயதுப் பையன், வீட்டிலேயே ஓட்டும் 9.5 மில்லிமீட்டர் சின்ன பிலிம்களைச் சேர்ப்பவன். ஒரு நாள் ‘நெப்போலியன்’ படத்தின் இரண்டு ரீல்கள் கையில் கிடைத்தன. ஓட்டிப் பார்த்தவன் அசந்துபோனான். மீதி ரீல்கள் எங்கே என்று தேடத் தொடங்கினான். சீக்கிரமே கான்ஸையே லண்டனில் சந்தித்தான். அந்தத் தேடல் அவனுடைய வாழ்நாள் வேலையாகிவிட்டது. பல நாடுகளின் ஆவணக் காப்பகங்களிலிருந்து துண்டுகளைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, 1979-ல் ஒரு நல்ல வடிவத்தைக் கொண்டுவந்தார் பிரவுன்லோ.

அந்த ஆண்டு அமெரிக்காவின் டெல்யூரைட் திரைப்பட விழாவில், மலையூரில், திறந்தவெளியில் அது திரையிடப்பட்டது. இருட்டினால்தான் படம் போட முடியும் என்பதால் இரவில் தொடங்கி விடியற்காலை நெருங்கும் வரை ஓடியது. கடுங்குளிர். 89 வயது கான்ஸ் எதிரில் இருந்த ஹோட்டல் ஜன்னலில் இருந்து பார்த்தார். மூன்று திரையும் விரிந்ததைத் தூரத்திலிருந்து அவர் மறுபடி பார்த்தது அங்கேதான்.

அடுத்து இசை. லண்டனில் தேம்ஸ் தொலைக்காட்சி, கார்ல் டேவிஸ் என்ற இசையமைப்பாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. அமெரிக்காவில் பிறந்து பிரிட்டனில் வேலை பார்த்தவர். கிட்டத்தட்ட 5 மணி நேரப் படம், கையில் சில மாதங்களே. முழுசையும் புதிதாக எழுத நேரமில்லை. அதனால் நெப்போலியன் காலத்து இசையைத் தேடினார். பீத்தோவனின் மூன்றாவது சிம்பொனி ‘எரோய்க்கா’ கண்ணில் பட்டது. பீத்தோவன் அதை நெப்போலியனை மனதில் வைத்து எழுதி, அவர் தன்னைப் பேரரசராக அறிவித்ததும் கோபத்தில் பெயரை அழித்தார் என்பது தெரிந்த கதை. கான்ஸின் படமோ 1796-லேயே முடிந்துவிடுகிறது, நெப்போலியன் இன்னும் பேரரசர் ஆகவில்லை. பீத்தோவன் நம்பிய அதே நெப்போலியன்தான் திரையில் இருக்கிறார். இதைவிடப் பொருத்தமான தேர்வு கிடைக்காது. அதோடு ஹைடன், மொஸார்ட், கோர்சிகா நாட்டுப்பாடல்கள், கழுகுக்கென டேவிஸே எழுதிய ஒரு தீம்.

1980 நவம்பர் 30. லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் உள்ள எம்பயர் தியேட்டர். ரென் ஆர்க்கெஸ்ட்ராவை டேவிஸ் நடத்தினார். படம் முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மௌனப்படத்தை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு பெரிய தியேட்டரில் காட்டும் பழக்கம் உலகம் முழுக்க மறுபடி சூடுபிடிக்க இந்த மாலைதான் முக்கியக் காரணம்.

போன் வழியாக வந்த கைதட்டல்

அமெரிக்காவில் படத்தைக் கையில் எடுத்தவர் ‘காட்ஃபாதர்’ இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா. அவர் தன் அப்பா கார்மைன் கொப்போலாவை வைத்து தனி இசை எழுத வைத்தார். 1981 ஜனவரி 23, நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால். சுமார் 6,000 இருக்கை, எல்லாம் நிறைந்தது. முன்னே சொன்ன வேகக் கணக்கு இங்கேதான் வருகிறது. படத்தை 24 பிரேமில் ஓட்டி, சில பகுதிகளைக் குறைத்து, 4 மணி நேரத்துக்குள் முடித்தார்கள். தூய்மைவாதிகளுக்கு வருத்தம். ஆனால் டிக்கெட் கிடைக்காமல் கூடுதல் காட்சிகள் போட வேண்டியதாயிற்று.

கான்ஸால் பயணம் செய்ய முடியவில்லை, உடம்பு ஒத்துழைக்கவில்லை. படம் முடிந்ததும் பாரிஸுக்குப் போன் போட்டு, ரிசீவரை அரங்கத்தை நோக்கிப் பிடித்தார்கள். எம்ஜிஎம் வெட்டிப்போட்டதற்கு 52 வருஷம் கழித்து, அதே அமெரிக்காவின் கைதட்டலை 91 வயது கிழவர் தன் ஊரில் இருந்தபடி கேட்டார்.

அதே ஆண்டு நவம்பர் 10 அன்று பாரிஸில் இறந்தார். வயது 92.

அதற்குப் பிறகு நடந்தது என்ன?

எந்த இசை சரி, எந்த வடிவம் சரி என்ற சண்டை அவரோடு முடியவில்லை. அமெரிக்காவில் கொப்போலா தரப்பு உரிமை, பிரிட்டனில் பிரவுன்லோ - டேவிஸ் வடிவம் என்று படம் பல வருஷம் இரண்டு பக்கமும் இழுபட்டது. பிரவுன்லோ மேலும் காட்சிகளைச் சேர்த்து ஐந்தரை மணி நேரமாக்கினார். 2012-ல் அது ஒருவழியாக கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் டேவிஸின் இசையோடு அரங்கேறியது.

இதற்கிடையே 2008-ல், பிரான்ஸின் சினிமாதெக் காப்பகம் ஜார்ஜ் மூரியே என்பவரிடம் இருப்பில் உள்ள ரீல்களைப் பரிசோதிக்கச் சொன்னது. ஓபரா வடிவமும் அப்போலோ வடிவமும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதை அவர் கவனித்தார். இரண்டும் வேறு வேறு டேக்குகளில் இருந்து உருவானவை, கலந்தால் தாளமே கெட்டுவிடும். பிரித்து எடுத்து, கான்ஸின் குறிப்புகளோடு ஒப்பிட்டு, நீண்ட வடிவத்தை மீட்க 15 வருஷத்துக்கு மேல் ஆனது.

டேவிஸின் இசை இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் அளவே வேறு. 7 மணி நேரத்துக்கான இசையை சிமோன் க்ளோகே-லாஃபோலியே உருவாக்கினார். அவரும் டேவிஸ் வழியில் ஏற்கனவே உள்ள இசையைத்தான் எடுத்தார், ஆனால் காலக் கட்டுப்பாடு இல்லை. ஹைடன் தொடங்கி 20-ஆம் நூற்றாண்டு வரை பலருடைய படைப்புகள் காட்சிக்குக் காட்சி கோத்து வைக்கப்பட்டன. நடத்துனர் ஃபிராங்க் ஷ்ட்ரோபல், மௌனப்படங்களுக்கு நேரலையில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துவதில் பல வருட அனுபவம் உள்ளவர். பிரான்ஸ் தேசிய ஆர்க்கெஸ்ட்ரா, வானொலி ஃபில்ஹார்மோனிக், வானொலிப் பாடகர் குழு மூன்றும் பங்கேற்றன. 2024 மே மாதம் கான் விழாவில் முதல் பாதி திரையிடப்பட்டு, ஜூலையில் இரண்டு பாதியும் நேரலை இசையோடு வந்தது.

கார்ல் டேவிஸ் அதைப் பார்க்கவில்லை, 2023 ஆகஸ்டில் இறந்துவிட்டார். ஆக இன்றைக்கு கான்ஸின் ஒரே படத்துக்கு டேவிஸ், கொப்போலா, க்ளோகே-லாஃபோலியே என்று மூன்று பெரிய இசை வடிவங்கள் இருக்கின்றன.

2024-ல் படம் ஓடிய அந்த அரங்கம் இருக்கும் பில்லாங்கூரில்தான், 1925 ஜனவரியில் கான்ஸ் ‘நெப்போலியன்’ படப்பிடிப்பைத் தொடங்கிய ஸ்டுடியோவும் இருந்தது.